எலி வளைகளை எண்ணிய அரசு

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

பழைய சீனா என்றதும் பெருஞ்சுவரும், முதல் பேரரசரின் கல்லறைக் காவலுக்கு நிற்கும் சுடுமண் வீரர்களும்தான் நினைவுக்கு வரும். இன்று அவற்றின் பக்கம் நான் போகப்போவதில்லை. ஒரு குமாஸ்தாவைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அங்கே அரசர்கள் மாறினார்கள், வம்சங்கள் மாறின. பதிவேடு மட்டும் கைமாறிக் கைமாறி நிலைத்தது. என் பேச்சு முழுக்க அதைச் சுற்றித்தான்.

1975-ல் ஹூபெய் மாகாணத்தில் ஷுயிஹுடி என்ற இடத்தில் ஒரு கல்லறையைத் திறந்தார்கள். சவப்பெட்டிக்குள் எலும்புக்கூட்டைச் சுற்றி 1,100-க்கும் மேற்பட்ட மூங்கில் பட்டைகள், எல்லாவற்றிலும் எழுத்து. உள்ளே கிடந்தவர் பெயர் ஷி. அந்த முதல் பேரரசர் ஆண்ட சின் அரசின் கீழ் உள்ளூர் அலுவலகங்களில் எழுத்தராக இருந்து வழக்குகளைக் கவனித்தவர். கி.மு. 217 வாக்கில் இறந்திருக்கிறார். தங்கமும் பச்சைக்கல்லும் சேர்த்துப் புதைப்பவர்கள் உண்டு; இவருடன் போனது சட்டப் புத்தகம்.

அதில் என்ன இருக்கிறது? களஞ்சியத்தில் மூன்று எலி வளைகளோ அதற்கு மேலோ இருந்தால், பொறுப்பாளருக்கு ஒரு கேடயம் அபராதம். இரண்டோ அதற்குக் கீழோ என்றால் கண்டிப்பு மட்டும். சரி, சுண்டெலி வளையாக இருந்தால்? அதற்கும் விடை எழுதி வைத்திருக்கிறார்கள்: மூன்று சுண்டெலி வளை, ஒரு எலி வளைக்குச் சமம். உழவுக்குப் போன அரசு மாட்டின் வயிற்றுச் சுற்றளவு குறைந்தால், குறைந்த ஒவ்வோர் அங்குலத்துக்கும் பொறுப்பாளருக்குப் பத்து அடி. மழை பெய்தால் எவ்வளவு நிலம் பயன்பட்டது என்று மேலிடத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வாயால் சொன்னால் செல்லாது. பக்கத்து ஊர் என்றால் ஓட்டக்காரர் கொண்டுபோவார், தூரத்து ஊர் என்றால் அஞ்சல் வழியாகப் போகும்.

இப்படியோர் அரசு ஒரே நாளில் முளைத்துவிடாது. ஆயிரம் ஆண்டு பின்னால் போனால் ஷாங் வம்சம். கி.மு. 1200-ஐ ஒட்டி, இன்றைய ஆன்யாங் பகுதியில் வு டிங் என்ற அரசர். ஆமை ஓட்டையும் மாட்டின் தோள் எலும்பையும் சூடாக்கி, அதில் விழும் வெடிப்பைப் பார்த்து முன்னோர்களிடம் குறி கேட்பார்கள். மழை வருமா, படை எடுக்கலாமா, அரசரின் பல்வலி தீருமா, எல்லாமே கேள்விதான். அரசி ஃபூ ஹாவின் பிரசவம் பற்றி ஒரு குறி இருக்கிறது. இன்ன நாளில் பிறந்தால் நல்லது என்று அரசர் பலன் சொல்கிறார். கீழே முடிவையும் பொறித்திருக்கிறார்கள்: 31 நாள் கழித்துப் பிறந்தது, நன்றாக அமையவில்லை, பெண் குழந்தை. அதே ஃபூ ஹாவ் 13,000 பேர் கொண்ட படையுடன் போருக்குப் போனதாக இன்னோர் எலும்பு சொல்கிறது. 1976-ல் அவர் கல்லறை கொள்ளை போகாமல் கிடைத்தது. கூடவே பலியாகப் புதைத்த 16 மனிதர்களும் கிடைத்தார்கள். நான் கவனிக்கச் சொல்வது ஒன்றைத்தான்: கேட்டதையும் நடந்ததையும் தேதி போட்டு எழுதி வைக்கும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது. அன்றைக்கு அது சாமி காரியம், அவ்வளவுதான்.

கி.மு. 1046 வாக்கில் மேற்கிலிருந்து வந்த சௌ அரசர் ஷாங்கை வீழ்த்தினார். முன்னோர்களோடு பேசும் அரசரையே கவிழ்த்தாகிவிட்டது. அதற்கு நியாயம் சொல்ல வேண்டுமே? வானம் ஆட்சியை ஒழுங்காக நடத்துபவனுக்குக் கொடுக்கும், கெட்டுப்போனால் பிடுங்கிக்கொள்ளும் என்றார்கள். வானத்தின் ஆணை என்ற இந்தக் கருத்து இருபுறமும் கூரான கத்தி. பிற்காலத்தில் ஒவ்வொரு கலகக்காரனும் இதையேதான் கையில் எடுத்தான். பிடித்த நிலத்தைச் சௌ அரசர் தம்பிகளுக்கும் உறவினர்களுக்கும் துணைநின்றவர்களுக்கும் பிரித்துக் கொடுத்தார். முதல் தலைமுறையில் தம்பி. நாலைந்து தலைமுறை போனால் வெறும் பங்காளி. பங்காளிச் சண்டை எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டாம். கி.மு. 771-ல் மேற்குத் தலைநகர் வீழ்ந்தது. அதற்குப் பிறகு சௌ அரசருக்கு மரியாதை மிச்சம், அதிகாரம் இல்லை.

அடித்துக்கொண்ட அரசுகளில் ஓரத்தில் கிடந்தது சின். கி.மு. 356 முதல் அங்கே ஷாங் யாங் என்ற அமைச்சர் வேலையைத் தொடங்கினார். குடும்பங்களை ஐந்தைந்தாக, பத்துப் பத்தாகக் கட்டினார். ஒருவன் செய்த குற்றத்தை மற்றவர்கள் மறைத்தால் அவர்களுக்கும் தண்டனை. போரில் பகைவன் தலையைக் கொண்டுவந்தால் பதவிப் படி உயரும். போரில் எதுவும் சாதிக்காத அரச குடும்பத்தானுக்கு அரச குடும்பப் பட்டியலில் இடமில்லை. இரண்டு வளர்ந்த ஆண்கள் ஒரே வீட்டில் தனிக்குடித்தனம் போகாமல் இருந்தால் வரி இரட்டிப்பு. இதை அவசரமாகத் தாண்டிப் போகக் கூடாது. வீட்டுக்குள் யார் யாரோடு இருக்க வேண்டும் என்பதை வரி தீர்மானிக்கிறது. கூட்டுக்குடும்பம்தான் சீனாவின் ஆதி வழக்கம் என்று நாம் பேசிக்கொள்வதை இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசிக்கலாம்.

ஷாங் யாங்கின் முடிவும் ஒரு பதிவேட்டுக் கதைதான். புரவலராக இருந்த அரசர் கி.மு. 338-ல் இறந்ததும் எதிரிகள் சூழ்ந்துகொள்ள, அவர் தப்பி ஓடி ஒரு சத்திரத்தில் இடம் கேட்டாராம். அடையாளம் தெரியாதவரைத் தங்கவைத்தால் ஷாங் யாங் சட்டப்படி எனக்குத் தண்டனை என்று சத்திரக்காரர் மறுத்துவிட்டாராம். கதையாகவே இருக்கலாம், ஆனால் சட்டத்தைப் பற்றி ஊர் என்ன நினைத்தது என்பது அதில் தெரிகிறது. ஆளைக் கொன்றார்கள், அவர் சட்டங்களை விட்டுவைத்தார்கள்.

கி.மு. 221-ல் சின் அரசு சீன நாடு முழுவதையும் பிடித்தது. பழையபடி மகன்களுக்குப் பங்கு போடலாம் என்று ஒரு தரப்பு. லி ஸி என்ற அமைச்சர் ஒப்பவில்லை. பங்காளிகளால் சௌ பட்ட பாட்டை எடுத்துச் சொன்னார். நாட்டை 36 பெரும் மாவட்டங்களாகப் பிரித்து, அனுப்பவும் திரும்ப அழைக்கவும் கூடிய அதிகாரிகளை வைத்தார்கள். எடை, அளவு, எழுத்து, வண்டியின் அச்சு அகலம் எல்லாம் ஒன்றாயின. ஷி போன்ற எழுத்தர்கள் இல்லாமல் இதில் ஒன்றுகூட நடந்திருக்காது.

பதினைந்தே ஆண்டில் அந்தப் பேரரசு கவிழ்ந்தது. கி.மு. 209-ல் எல்லைக் காவலுக்குப் போன 900 பேர் மழையில் மாட்டிக்கொண்டார்கள். தாமதத்துக்கு மரண தண்டனை. எப்படியும் சாவுதானே என்று சென் ஷெங், வு குவாங் என்ற இருவர் கலகத்தைத் தொடங்கினார்கள் என்று சின்னுக்குப் பின்னால் வந்த ஹான் வம்சத்தின் காலத்தில் எழுதிய வரலாறு சொல்கிறது. ஆனால் ஷியின் மூங்கில் பட்டை வேறு மாதிரி பேசுகிறது. அரசு வேலைக்கு ஆள் திரட்டும்போது மூன்று முதல் ஐந்து நாள் தாமதமானால் கண்டிப்பு, பத்து நாள் வரை ஒரு கேடயம் அபராதம், அதற்கு மேல் ஒரு கவசம். மழை வெள்ளம் என்றால் அந்த அழைப்பே ரத்து! படைக் காவலுக்கு விதி வேறாக இருந்திருக்கலாம். ஆனாலும் தோற்றவர்களைப் பற்றி ஜெயித்தவர்கள் எழுதியதைக் கொஞ்சம் சலித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

கலகக்காரர்களில் ஒருவர் லியூ பாங். சின் காலத்தில் கீழ்மட்ட உள்ளூர் அதிகாரி. அவர் படை தலைநகர் சியன்யாங்குக்குள் நுழைந்தபோது தளபதிகள் பொன்னுக்கும் பட்டுக்கும் ஓடினார்கள். கூட வந்த சியாவ் ஹெ நேராக அமைச்சர் அலுவலகத்துக்குப் போய், சட்டங்களையும் வரைபடங்களையும் குடிக்கணக்கையும் வாரி எடுத்துக்கொண்டார். அவரும் பழைய எழுத்தர்தான். எந்தக் கணவாய் முக்கியம், எங்கே எத்தனை குடும்பம் என்பதெல்லாம் லியூ பாங்குக்குத் தெரிந்தது அப்படித்தான். என்னைக் கேட்டால் ஹான் வம்சம் அன்றைக்கே பிறந்துவிட்டது, கி.மு. 202-ல் பட்டம் சூட்டியது வெறும் சடங்கு.

ஹான்காரர்கள் சின்னை வாய் ஓயாமல் திட்டினார்கள், சின் விட்டுப்போன அமைப்பை வைத்தே ஆண்டார்கள். மேலே கன்பூசிய நீதியைப் பூசினார்கள். கி.மு. 124-ல் 50 மாணவர்களோடு அரசுக் கல்விச்சாலை தொடங்கியது. படித்துப் பதவிக்கு வரும் பாதைக்கு அது ஆரம்பம். கி.பி. 2-ல் எடுத்த கணக்கில் 1.2 கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள், ஏறத்தாழ 6 கோடி மக்கள்.

படித்தவர்களை வளர்த்தால் அவர்கள் கேள்வியும் கேட்பார்கள். போர்ச் செலவுக்காக உப்பையும் இரும்பையும் அரசே விற்க ஆரம்பித்திருந்தது. கி.மு. 81-ல் அறுபதுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் அரண்மனைக்கு வந்து, அரசு கொடுக்கும் இரும்புக் கருவி உழவுக்கே ஆகவில்லை, வியாபாரம் அரசின் வேலையல்ல என்று அமைச்சர்களோடு வாதாடினார்கள். சரி, எல்லையில் காவல் நிற்கும் படைக்கு யார் சம்பளம் கொடுப்பது என்று அமைச்சர் தரப்பு திருப்பிக் கேட்டது. கடைசியில் மது விற்பனையில் இருந்த ஏகபோகத்தை விட்டுக்கொடுத்தார்கள். உப்பு அரசிடமே இருந்தது. இரும்பும் தலைநகர்ப் பகுதி நீங்கலாக அப்படியே.

நேரம் ஆகிவிட்டது என்று அமைப்பாளர் கை காட்டுகிறார். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.