பூனை போட்டோக்குள்ள ஒரு டாக்குமெண்ட், விரல் நுனியில சாவி: ஒளிச்சு வெக்கிறதும் பூட்டி வெக்கிறதும் ஒண்ணா?

(ஸ்கிரீன்ல ரெண்டு போட்டோ பக்கத்து பக்கத்துல. ரெண்டுலயும் அதே பூனை, அதே ஜன்னல்.)

இந்த ரெண்டு போட்டோவையும் நல்லா உத்து பாருங்க, வேணும்னா வீடியோவ நிறுத்திட்டு கூட பாருங்க. ஏதாவது வித்தியாசம் தெரியுதா? எனக்கு தெரியல, இத்தனைக்கும் ரெண்டையும் ரெடி பண்ணதே நான்தான். இடது பக்கம் இருக்கறது வெறும் பூனை. வலது பக்கம் இருக்கற பூனைக்குள்ள என்னோட நாலு பக்க டாக்குமெண்ட் ஒண்ணு உக்காந்திருக்கு. இதுக்கு பேரு ஸ்டெகனோகிராஃபி.

பேர கேட்டா ஏதோ புதுசு மாதிரி இருக்கும், ஆனா சங்கதி ரொம்ப பழசு. கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஹெரோடோட்டஸ் ஒரு கதை எழுதி வெச்சிருக்காரு. ஹிஸ்டியேயஸ்னு ஒருத்தர் பாரசீக ராஜா கிட்ட மாட்டிட்டு இருக்காரு, ஊர்ல இருக்கற மருமகனுக்கு கலகம் பண்ணுன்னு தகவல் அனுப்பணும், வழி பூரா காவல். என்ன பண்ணாருன்னா நம்பிக்கையான அடிமை ஒருத்தனோட தலைய மழிச்சு, மண்டையில சேதிய பச்சை குத்தி, முடி வளர்ற வரைக்கும் காத்திருந்து அனுப்பி வெச்சாரு. அங்க போய் அவன் சொல்ல வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், "என் தலைய மழிங்க". கிமு 499 வாக்குல நடந்த அயோனிய கலகத்துக்கு முன்னாடி நடந்த கதை இது. அவசர செய்திக்கு முடி வளர்ற வேகம்தான் நெட் ஸ்பீடு!

இங்க ஒரு விஷயத்த இப்பவே பிரிச்சு வெச்சுக்குவோம், ஏன்னா மொத்த வீடியோவும் இதுல தான் நிக்குது. என்கிரிப்ஷன்னா பூட்டறது. பெட்டி எல்லார் கண்ணுக்கும் தெரியும், திறக்கத்தான் முடியாது. ஸ்டெகனோகிராஃபின்னா பெட்டி இருக்கறதே தெரியாம பண்றது. தமிழ்ல என்கிரிப்ஷனுக்கு குறியாக்கம், மறையாக்கம்னு ரெண்டு பேரும் புழங்குது, அந்த மறையாக்கம்ங்கற பேருதான் ஆள குழப்பி விடுது, ஏன்னா அது எதையும் மறைக்கறதில்ல, புரியாம ஆக்குது, அவ்ளோதான்.

(ஸ்கிரீன்ல பூனையோட காது. ஜூம் ஆகி ஆகி கடைசியில ஒரே ஒரு கட்டம்.)

சரி, பூனைக்குள்ள டாக்குமெண்ட் எப்படி போச்சு? இந்த ஒரு கட்டம்தான் பிக்சல். ஒவ்வொரு பிக்சல்லயும் சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு நம்பர், ஒவ்வொண்ணும் 0ல இருந்து 255க்குள்ள. இந்த பிக்சல்ல சிவப்பு 200, பச்சை 117, நீலம் 64ன்னு வெச்சுக்கோங்க. சிவப்ப 200ல இருந்து 201 ஆக்கினா உங்க கண்ணுக்கு தெரியவா போகுது? தெரியாது. ஆனா கம்ப்யூட்டருக்கு 200 ரெட்டைப்படை, 201 ஒத்தைப்படை. ரெட்டைன்னா 0, ஒத்தைன்னா 1னு ரெண்டு பேர் பேசி வெச்சுக்கிட்டா முடிஞ்சது, ஒவ்வொரு நம்பரும் ஒரு பிட்ட, அதாவது ஒரு 0வையோ 1ஐயோ சுமக்கும்.

இப்ப 'க'ங்கற எழுத்த ஒளிக்கலாம். எழுத்த 0, 1ஆ மாத்தற யுடிஎஃப்-8 முறையில 'க' போய் உக்கார 3 பைட் வேணும், அதாவது 24 பிட்: 11100000 10101110 10010101. முதல் மூணு பிட்டும் 1, 1, 1. நம்ம பிக்சல்ல 200 ரெட்டை, அது 201 ஆகணும். 117 ஏற்கனவே ஒத்தை, அத தொடவே வேணாம். 64 ஆகுது 65. அவ்ளோதான் மொத பிக்சல். இப்படி 8 பிக்சல்ல 'க' உள்ள போயிடும். இங்கிலீஷ் எழுத்துக்கு 8 பிட்டே போதும், நம்ம 'கி'க்கு பாருங்க, எழுத்துக்கு ஒரு 24, மேல இருக்கற கொக்கிக்கு தனியா ஒரு 24ன்னு 48 பிட் கேக்குது. ஆனாலும் கவலைப்பட வேணாம், 1920க்கு 1080 சைஸ் படத்துல 20,73,600 பிக்சல் இருக்கு, மூணால பெருக்கினா 62 லட்சத்து சொச்சம் பிட், கிட்டத்தட்ட 760 கேபி. நாலு பக்கம் என்ன, ஒரு நாவலே போகும்.

போகும்னு சொன்னேனே தவிர போடுங்கன்னு சொல்லல. முழு பூசணிக்காய சோத்துல மறைக்கறதுன்னு சொல்வாங்கள்ல, அது முடியாதுன்னு இங்க நெஜமாவே கணக்கா நிரூபிச்சு காட்டிட்டாங்க. 1999ல வெஸ்ட்ஃபெல்ட், ஃபிட்ஸ்மான்னு ரெண்டு ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் சொன்னது இதுதான்: சாதாரண போட்டோல 200ங்கற மதிப்பு ஒரு பேச்சுக்கு 900 தடவை வருது, பக்கத்துல 201 ஒரு 700 தடவை வருதுன்னு வைங்க, இயற்கையில அப்படி ஏத்த இறக்கமாத்தான் இருக்கும். நீங்க படம் முழுக்க ரகசியத்த திணிச்சா ஒத்தை ரெட்டை ரெண்டும் கிட்டத்தட்ட சரிபாதி ஆயிடும், 200ம் 800 பக்கம், 201ம் 800 பக்கம். எல்லா ஜோடியும் இப்படி பங்காளி மாதிரி சரிசமமா பங்கு பிரிச்சிருந்தா எங்கயோ இடிக்குதுல்ல? படத்த கண்ணால பாக்கவே வேணாம், எண்ணி பாத்தாலே போதும். அதனால கொஞ்சமா ஒளிக்கணும், வரிசையா இல்லாம ஒரு சாவிய, அதாவது பாஸ்வேர்ட் மாதிரி ஒரு ரகசியத்த வெச்சு அங்கங்க சிதறி ஒளிக்கணும்.

நான் மொத தடவை பண்ணப்ப இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. ஃபிரெண்டு கிட்ட பெரிய ஸ்பை ரேஞ்சுக்கு பில்டப் குடுத்துட்டு, ஒரு படத்துக்குள்ள மெசேஜ் வெச்சு சாட் ஆப்ல அனுப்பினேன். அவன் திறந்து பாத்துட்டு "மச்சி வெறும் கட்டம் கட்டமா வருதுடா"ன்னான். ரெண்டு மணி நேரம் என் கோட்ல தப்பு தேடிட்டு இருந்தேன், கடைசில பாத்தா கோட்ல ஒண்ணுமே இல்ல. அந்த ஆப் படத்த அனுப்பும்போதே ஜேபெக்ங்கற பட ஃபைல் முறையில மறுபடி சுருக்கிடுச்சு. ஜேபெக் என்ன பண்ணும்னா படத்த 8க்கு 8 கட்டமா வெட்டி, மனுஷ கண்ணுக்கு தெரியாத நுணுக்கத்த எல்லாம் தூக்கி போட்டுடும், அதனாலதான் சைஸ் கம்மியாகுது. நான் ஒளிச்சு வெச்சதே அந்த கண்ணுக்கு தெரியாத இடத்துலதானே, குப்பையோட குப்பையா அதுவும் போச்சு. அன்னிலேர்ந்து எதையும் தூக்கி போடாத பிஎன்ஜி ஃபைலா, ஆப்ல போட்டோவா இல்லாம டாக்குமெண்ட்டா தான் அனுப்பறது. ஜேபெக்குக்குள்ளயே, சுருக்கின பிறகு மிஞ்சற நம்பர்கள்ல ஒளிக்கற முறைகளும் இருக்கு, ஸ்டெக்ஹைட் மாதிரி டூல் அப்படித்தான் பண்ணுது, ஆனா அத திரும்ப ஒருத்தன் சுருக்கினா அதுக்கும் பெரும்பாலும் இதே கதிதான்.

இத நெஜ வாழ்க்கையில யாராவது பண்றாங்களான்னா, பண்ணி மாட்டியும் இருக்காங்க. 2010ல அமெரிக்காவுல சாதாரண குடும்பஸ்தங்க மாதிரி வாழ்ந்துட்டு இருந்த 10 பேர ரஷ்ய உளவாளிகள்னு எஃப்பிஐ புடிச்சது. எல்லாரும் பாக்கற வெப்சைட்ல இருக்கற படங்களுக்குள்ள சேதி வெச்சு மாஸ்கோவோட பேசிட்டு இருந்தாங்கன்னு கோர்ட் பேப்பர்லயே இருக்கு. எப்படி மாட்டுச்சு தெரியுமா? வீட்ட சோதனை போட்டப்ப ஒரு துண்டு பேப்பர், அதுல எந்த கீய அழுத்தினா அந்த புரோகிராம் திறக்கும்னும், 27 எழுத்துல ஒரு பாஸ்வேர்டும் எழுதி வெச்சிருந்தாங்க. படத்துல ஒளிக்க தெரிஞ்சவங்களுக்கு பேப்பர ஒளிக்க தெரியல. பாவம், 27 எழுத்த யாரு ஞாபகம் வெச்சுக்கறது.

(ஸ்கிரீன்ல கட்டை விரல், க்ளோஸ்அப்ல ரேகை.)

உடனே எல்லாருக்கும் தோணறது, அப்ப விரல வெச்சுட்டா போச்சு, மறக்கவே மறக்காதுல்ல? இங்கதான் நான் கொஞ்சம் முரண்டு பிடிப்பேன். கைரேகை பாஸ்வேர்ட் கிடையாது, அது யூசர்நேம் மாதிரி. சொல்றேன் ஏன்னு.

போன் உங்க விரலோட போட்டோவ வெச்சு மேட்ச் பண்றதில்ல. ரேகை எங்க முடியுது, எங்க ரெண்டா கிளை பிரியுதுங்கற புள்ளிகளோட இடம், ரேகை ஓடற விதம்னு சிஸ்டத்துக்கு ஏத்த மாதிரி கணக்கா எடுத்து வெச்சுக்குது, இதுக்கு டெம்ப்ளேட்னு பேரு. அடுத்த தடவ நீங்க விரல் வெக்கும்போது கொஞ்சம் சாஞ்சிருக்கும், கொஞ்சம் ஈரமா இருக்கும், லேசா அழுத்தம் மாறும். ரெண்டு தடவ வெச்சா ரெண்டும் அச்சு அசலா ஒண்ணா இருக்கவே இருக்காது. அதனால மெஷின் "இதுவா"ன்னு கேக்காது, "இது போதுமா"ன்னுதான் கேக்கும். அந்த "போதும்" எவ்ளோங்கறதுல தான் சண்டையே. "போதும்"ங்கற எல்லைக்கோட்ட இறக்கினா வேற ஆளும் உள்ள வந்துடுவான், ஏத்தினா சொந்தக்காரனையே வெளிய நிறுத்தும். பாத்திரம் கழுவிட்டு வந்து போன தொட்டு பாருங்க, நீங்க யாருன்னே தெரியாத மாதிரி முழிக்கும். ஆப்பிள் சொல்ற கணக்குல வேற ஒருத்தர் விரலுக்கு தவறா திறக்கற வாய்ப்பு 50,000ல 1, ஃபேஸ் ஐடிக்கு 10 லட்சத்துல 1. கண்ணோட கருவிழிக்கு ஜான் டாக்மன் கண்டுபிடிச்ச முறையில 2,048 பிட் கோட் வரும், ஒரே கண்ண ரெண்டு தடவ எடுத்தாலும் அதுல நிறைய பிட் மாறும், கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்குக்கு கீழ மாறினா ஒரே ஆளுன்னு ஏத்துக்கறாங்க.

இப்ப புரியுதா சிக்கல்? என்கிரிப்ஷன் சாவியில ஒரே ஒரு பிட் மாறினாலும் பூட்டு திறக்காது. விரலோ வேளைக்கு ஒரு மாதிரி. அப்ப விரலயே நேரா சாவியா ஆக்க முடியாது. போன்ல என்ன நடக்குதுன்னா, சாவி தனியா ஒரு பாதுகாப்பான சிப் பொறுப்புல இருக்கு, விரல் மேட்ச் ஆனா அந்த சிப் சாவிய பயன்படுத்த விடுது. விரல் காவக்காரனுக்கு காட்டற முகம், அவ்ளோதான். ரீஸ்டார்ட் பண்ணதும் விரல் எடுபடாம பின் நம்பர் கேக்குதே, அதுக்கு காரணமும் இதுதான், சாவி உருவாகவே அந்த நம்பர் வேணும், அது இல்லாம காவக்காரன் கையிலயே ஒண்ணும் இல்ல.

இன்னொரு வழி 2002ல ஆரி ஜூல்ஸ், மது சூடான் ரெண்டு பேரும் கொண்டு வந்தாங்க, ஃபஸ்ஸி வால்ட்னு பேரு. எனக்கு இது ரொம்ப பிடிக்கும். ரகசிய நம்பர வெச்சு ஒரு வளைகோடு வரையறோம். உங்க ரேகை புள்ளிகள் அந்த கோட்டு மேல உக்காரும். அதோட கோட்டுல சேராத போலி புள்ளிகள நூத்துக்கணக்குல சுத்தி தூவிடறோம். திருடன் பாத்தா வெறும் புள்ளிக் கூட்டம், எது உண்மை எது பொய்னு தெரியாது. உங்க விரல் வந்தா தேவையான அளவு சரியான புள்ளிகள பொறுக்கும், ஒண்ணு ரெண்டு தவறினாலும் கோட்ட திரும்ப வரஞ்சிடலாம், ரகசியம் கிடைச்சிடும். கவனிச்சீங்களா, பூனை காதுல பண்ண அதே வேலை, கூட்டத்துல ஒளிக்கறதுதான், இந்த தடவ ஒளியறது விரல்.

சரி யூசர்நேம்னு ஏன் சொன்னேன்? நீங்க தொடற கிளாஸ்ல, கதவுல எல்லாம் அத விட்டுட்டு போறீங்க. 2002ல ஜப்பான்ல மட்சுமோட்டோவும் அவர் குழுவும் ஜெலட்டின்ல விரல் செஞ்சு சென்சார்கள ஏமாத்தி காட்டினாங்க. 2014ல ஜெர்மனியோட கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்ங்கற ஹேக்கர் சங்கத்துல ஒருத்தர், அப்போதைய ராணுவ அமைச்சரோட கட்டை விரல் ரேகைய வெறும் போட்டோவுல இருந்தே உருவாக்கிட்டேன்னு மேடையில சொன்னார். 2015ல அமெரிக்க அரசோட பணியாளர் அலுவலகத்துல நடந்த திருட்டுல 56 லட்சம் பேரோட கைரேகை போச்சு. பாஸ்வேர்ட் போனா மாத்திக்கலாம். விரல்? பத்துதான் இருக்கு. அப்புறம் கால் விரல்தான்.

அப்ப விரலே வேணாமான்னா, அப்படி இல்ல. பஸ்ல பக்கத்துல நின்னு எட்டி பாக்கறவன் உங்க பின்ன பாத்துடலாம், விரல பாத்து ஒண்ணும் பண்ண முடியாது. அந்த வசதிக்கு ஓகே. தூங்கும்போது யாராவது உங்க விரல எடுத்து போன்ல வெச்சா மட்டும் தடுக்க முடியாது, அதனால பயமா இருக்கற இடத்துக்கு போறதுக்கு முன்னாடி போன ஆஃப் பண்ணி ஆன் பண்ணிடுங்க, பின் போடற வரைக்கும் விரல் செல்லாது.

கடைசியா அந்த டாக்குமெண்ட்ட நான் எப்படி பூனைக்குள்ள வெச்சேன்னு ஒரு தடவ ஓட்டி காட்டறேன்.

(ஸ்கிரீன் ரெக்கார்டிங் ஓடுது.)

மொதல்ல ஃபைல ஏஇஎஸ்-256ங்கற என்கிரிப்ஷன் முறையில பூட்டியாச்சு, பெரிய பாஸ்வேர்ட் போட்டு. அந்த பாஸ்வேர்ட் இருக்கறது பாஸ்வேர்ட் மேனேஜர்ங்கற ஆப்ல, அந்த ஆப்ப திறக்கத்தான் விரல். பூட்டின பிறகு ஃபைல் வெறும் இரைச்சல் மாதிரி ஆயிடும், அதனால யாராவது ஒளிஞ்சிருக்கறத கண்டுபிடிச்சாலும் கிடைக்கறது குப்பை. அப்புறம்தான் அத ஓப்பன்ஸ்டெகோங்கற ஸ்டெகனோகிராஃபி டூல்ல போட்டு படத்துக்குள்ள இறக்கினேன். படத்துல பத்துல ஒரு பங்கு கூட நிரம்பல. படம் நானே எடுத்தது, நெட்ல இருந்து எடுத்திருந்தா ஒரிஜினல் எவனுக்கும் கிடைக்கும், ரெண்டையும் பிக்சல் பிக்சலா கழிச்சு பாத்தா ஒளிச்ச இடம் அப்படியே பல்லிளிக்கும். அதனால வேலை முடிஞ்சதும் ஒரிஜினல அழிச்சிடணும், டிராஷ்லயும், கிளவுட் பேக்கப்லயும் சேத்து.

(மறுபடி மொதல்ல காட்டின ரெண்டு பூனையும்.)

ஆமா, நான் வீடியோ ஆரம்பத்துலயே ரெண்டையும் பக்கத்து பக்கத்துல வெச்சு காட்டிட்டேன். இந்த பூனைக்கு இனிமே வேலை இல்ல, வேற பூனை தேடணும்.