கான்கிரீட் ஊற்றும் முன்பே கண்ணில் காட்டுங்கள்

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் துணைவேந்தர் அவர்களே, மின்துறை உயர் அலுவலர்களே, எனக்கு முன்னால் கியர்பாக்ஸைக் கழற்றி மாட்டாத குறையாக விளக்கிய பேராசிரியர் அவர்களே, பெயர் விடுபட்டதற்கு என்னைப் பொறுத்தருளப் போகும் மற்ற பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

காற்றாலை வடிவமைப்பில் பொறியியலும் அழகும் என்பது தலைப்பு. இறக்கை, டவர், நிறம், வரிசை என்று நான்கு செய்திகள் வைத்திருக்கிறேன். நான்குக்கும் ஒரே பழமொழிதான்: அகத்தின் அழகு முகத்தில் தெரியும்.

இறக்கை இரண்டு போதாதா, ஒன்றின் செலவு மிச்சமாகுமே என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு இறக்கையும் செங்குத்தாக நிற்கும்போது தலைப்பகுதியைக் காற்றின் பக்கம் திருப்புவது எளிது. படுக்கையாக வந்ததும் அதே திருப்பம் கனக்கும். ஒவ்வொரு சுற்றிலும் இப்படி இரண்டு முறை உதறும். மூன்று இறக்கைக்கு எந்த நிலையிலும் ஒரே கனம். அந்த நிதானத்தைத்தான் தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணும் விரும்புகிறது. டென்மார்க்கில் பொறியாளர் யோகன்னஸ் யூல் 1957இல் கெட்சர் என்ற ஊரில் நிறுத்திய 200 கிலோவாட் காற்றாலைக்கும் மூன்று இறக்கைதான். இரண்டு இறக்கை இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கும் என்பது வேறு. நுனி வேகம் 10 சதவீதம் ஏறினால் இரைச்சல் ஏறத்தாழ 2 டெசிபல் ஏறும்.

டவர் அடியில் பருத்து மேலே சிறுப்பது ஒப்பனை இல்லை. காற்று வளைக்கும் விசை அடியில்தான் அதிகம். வெள்ளை டவரின் கழுத்திலிருந்து கறுப்புக் கோடு வழிந்திருந்தால் பெயின்ட் அடிக்க ஆள் அனுப்பாதீர்கள். மேலே தலைப்பகுதியைத் திருப்பும் பேரிங்கின் சீல் தேய்ந்து கிரீஸ் கசிகிறது, அல்லது ஹைட்ராலிக் எண்ணெய் ஒழுகுகிறது. அகத்தின் அழகு முகத்தில் தெரியும்!

இப்போது வரிசைக்கு வருகிறேன். டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனின் துறைமுகத்துக்கு வெளியே, கடலில், மிடில்குருண்டன் என்று ஓர் ஆழமற்ற திட்டு. அங்கே முதலில் போட்ட திட்டம் 27 காற்றாலை, மூன்று வரிசை. பொறியாளர் கண்ணுக்குக் கச்சிதம். மக்கள் முன் வைத்தார்கள், கிளம்பியது எதிர்ப்பு. கரையில் நின்று பார்த்தால் மூன்று வரிசையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குத்தீட்டிக் காடாகத் தெரியுமே! அங்குள்ளவர்கள் என்ன செய்தார்கள்? கோபித்துக்கொண்டு கோப்பை மூடினார்களா? இல்லை. நிலக்காட்சி வடிவமைப்பாளர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். 27 போய் 20 ஆனது. ஒவ்வொன்றும் 2 மெகாவாட். மூன்று வரிசை போய் ஒரே வளைவு, நகரைச் சுற்றியிருந்த பழைய காவல் அரண்களின் வளைவை ஒட்டி, 3.4 கிலோமீட்டர் நீளம். 2000ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. பாதிச் சொத்து யாருடையது தெரியுமா? எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கொண்ட கூட்டுறவுச் சங்கத்துடையது. நேற்று எதிர்த்த ஊர் இன்று பங்குதாரர்!

இலவசமாக வந்த அழகில்லை அது, அதையும் சொல்லிவிடுகிறேன். 76 மீட்டர் விட்டமுள்ள சுழல்வட்டத்துக்கு இடைவெளி 180 மீட்டர்தான், அதாவது இரண்டரை மடங்குக்கும் குறைவு. காற்று வரிசையின் நெடுக்கில் வீசும் நாளில் பின்னால் நிற்பது முன்னதன் கலங்கிய காற்றில் ஓடும். மின்சாரமும் குறையும், இறக்கைக்கும் அலுப்பு. அந்தத் திசைக்காற்று அங்கே குறைவு என்பதால் தாங்கிக்கொண்டார்கள். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்காமல் இதை நகல் எடுத்தால் நஷ்டம் நமக்கு.

நிறத்தைப் பற்றிப் பேச நேரமில்லை. மினுக்கம் இல்லாத வெளிர் சாம்பல் பூசுங்கள், மீதியைப் பேராசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் வந்த காரியம் வேறு. திட்டம் வரும் ஊருக்கு ஒரு படம் காட்டுகிறார்கள், காற்றாலை நின்றால் எப்படி இருக்கும் என்று. பரந்த காட்சியை ஒரே படத்தில் அடக்கும் அகல லென்ஸில் எடுத்த படம்! முழுச்சட்டகக் கேமராவில், அதாவது 36 மில்லிமீட்டர் அகல சென்சார் உள்ளதில், 50 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்து 39 சென்டிமீட்டர் அகலத்துக்கு அச்சிட்டால், 54 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்துப் பார்க்கும்போது நிஜ அளவு தெரியும். 24 மில்லிமீட்டரில் எடுத்ததை அதே அகலத்தில் அச்சிட்டால் 26 சென்டிமீட்டரில், மூக்கருகே, பிடிக்க வேண்டும். யார் அப்படிப் பார்க்கிறார்கள்? கை தானாக அரை மீட்டர் தள்ளிப் பிடிக்கும். காற்றாலை பாதியாகச் சுருங்கிவிடும். கட்டி முடித்ததும் ஊர் ஏமாந்தோம் என்கிறது. ஏமாந்ததும் உண்மை. 150 மீட்டர் காற்றாலை 5 கிலோமீட்டருக்கு அப்பால், நீட்டிய கையின் கட்டைவிரல் அகலத்துக்குச் சற்றுக் குறைவான உயரம் இருக்கும். இதைச் சொன்னால் குழந்தைக்கும் புரியும். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்றேன். திட்டத்தின் அகம் இந்தப் படத்தில் தெரிந்துவிடுகிறது.

வாசல் மேசையில் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. கேட்பது மூன்றே வரி. லென்ஸ் அளவும் பார்க்கும் தூரமும் படத்தின் அடியில் அச்சாக வேண்டும். எந்த இடத்திலிருந்து எடுப்பது என்பதை ஊர்க்காரர்கள் சொல்ல வேண்டும். அடித்தளத்துக்குக் குழி தோண்டும் முன், வரிசையை மாற்ற இன்னும் இடமிருக்கும்போதே, காட்ட வேண்டும். தலைவர் அவர்கள் முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டார்கள். பேனா அங்கேயே கட்டித் தொங்குகிறது.