புதுக் கார்ட் பூட்டியும் கேம் ஏன் திணறுகிறது?

வணக்கம் நேயர்களே.

மாதக்கணக்காகச் சேர்த்த காசில் கொழும்பிலிருந்து கிராபிக்ஸ் கார்ட் எடுப்பித்துப் பூட்டிய பிறகும் கேம் பழையபடியே திக்கித் திக்கி ஓடினால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனாலும் கார்ட் பழுது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் அந்தக் கார்ட் வேறொரு பாகத்துக்காகக் காத்து நிற்கிறது. எதற்காக நிற்கிறது என்று பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். மொனிட்டர் கேபிள் மேலே, யூஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் செருகியிருந்தால் படம் வருவது புதுக் கார்டிலிருந்து அல்ல. கேபிளைக் கீழே கார்டின் துளைக்கு மாற்றுங்கள். 144 ஹேர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாறும்) மொனிட்டர் வைத்திருப்பவர்கள், விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் அது இன்னும் 60இல் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது அளக்க வேண்டும். கார்டின் உழைப்பையும் சூட்டையும் காட்டும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. எந்தக் கம்பனிக் கார்டுக்கும் சரி. கேம் ஓடும்போது கார்டின் பயன்பாடு 95 வீதத்துக்கு மேல் நின்றால் கார்ட் முழுமூச்சாக உழைக்கிறது. கிராபிக்ஸ் தரத்தைக் கொஞ்சம் இறக்கினால் பிரேம், அதாவது நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை, ஏறும். 50, 60 வீதத்தில் தொங்கினால், வி-சிங்கோ (பிரேமை மொனிட்டரின் வேகத்தோடு கட்டிவைக்கும் செட்டிங்) வேறு பிரேம் வரம்போ போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ரெசல்யூஷனை 1080இலிருந்து 720க்கு இறக்கிப் பாருங்கள். பிரேம் அசையவே இல்லையென்றால் தடை ப்ரொசெசர் பக்கத்தில். டாஸ்க் மனேஜர் சிபியு 30 வீதம் என்றுதானே காட்டுகிறது என்று ஏமாறாதீர்கள். அது ப்ரொசெசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் எல்லாக் கோர்களினதும் சராசரி. ஒரு கோர் மூச்சுமுட்ட ஓடும்போது மற்றவை சும்மா இருக்கும்.

அதற்காகப் புது ப்ரொசெசர் வாங்க ஓட வேண்டாம். ரெம்மைப் பாருங்கள், அதிகம் பேர் தவறவிடும் இடம் இதுதான். 3200 என்று எழுதி விற்கும் டிடிஆர்4 ரெம், பயோஸில் (கணினி தொடங்கும்போதே திறக்கும் அடிப்படைச் செட்டிங் பக்கம்) ரெம்மை எழுதிய வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியைப் போடாவிட்டால் பெரும்பாலும் 2133, 2400, 2666 இவற்றில் ஒன்றில்தான் ஓடும். ஏஎம்டியின் டிடிஆர்5 மதர்போர்ட்களில் அதன் பெயர் எக்ஸ்போ. கார்ட் பூட்டுகிற சாக்கில் பயோஸ் அப்டேட் செய்திருந்தால், முன்பு போட்டு வைத்ததும் அழிந்திருக்கும். டாஸ்க் மனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் ஓடும் வேகம் தெரியும். நாலு துளை உள்ள போர்ட்டில் இரண்டு ரெம் போடுவதானால், ப்ரொசெசரிலிருந்து எண்ணி 2ஆம், 4ஆம் துளைகளில் போடுங்கள். 1, 2 என்றோ 3, 4 என்றோ பக்கத்துப் பக்கத்தில் போட்டால் ஒற்றைச் சனலில் ஓடும். தரவு போகும் பாதை பாதியாகிவிடும். பழைய ரெம்மோடு புதியதைக் கலந்தால் இரண்டுமே மெதுவானதன் வேகத்துக்கு இறங்கும்.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வாங்கியவர்களுக்கு ஒரு சொல். அந்தக் கார்டுக்கு போர்ட்டோடு தரவு போய்வர நாலு லேன் (பாதை)தான். கார்ட் செருகும் துளை பிசிஐஇ 3 என்ற பழைய தலைமுறையாக உள்ள போர்ட்டில் அது கட்டாயம் வேகத்தை இழக்கும். செட்டிங் மாற்றி அதைச் சரிக்கட்ட முடியாது.

இனி நம் திருகோணமலை வெக்கை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பூட்டிய அறை 34, 35 பாகைக்கு ஏறிவிடும். அறை எத்தனை பாகை ஏறுகிறதோ, ஏறக்குறைய அத்தனை பாகை உள்ளேயும் ஏறும். பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு பிரேம் சரிந்தால் சூட்டைச் சந்தேகியுங்கள். பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றி அதே கேமை ஓட்டுங்கள். ஐந்தாறு பாகை இறங்கினால் காற்றோட்டம்தான் குறை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்களுக்குத் தூசி உப்பு ஈரத்தோடு ஒட்டிப் படியும். மென்மையான தூரிகையால் அடிக்கடி தட்டுங்கள், விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு. ப்ரொசெசருக்குப் புதுக் கூலர் போட்டவர்கள் அடியிலிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்றும் பாருங்கள்.

பழைய கார்ட் வேறு கம்பனியினது என்றால், விண்டோஸை சேஃப் மோடில் திறந்து, டிடியு என்ற இலவச மென்பொருள் கொண்டு பழைய டிரைவரைத் துடைத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். இரண்டு 8 பின் மின் இணைப்புக் கேட்கும் கார்டுக்குப் பவர் சப்ளையிலிருந்து இரண்டு தனிக் கேபிள் இழுங்கள். ஒரே கேபிளில் தொங்கும் இரட்டைத் தலையை நம்ப வேண்டாம்.

இவ்வளவும் பார்த்தும் மாற்றமில்லையா? கார்டைத் தெரிந்த ஒருவரின் நல்ல கணினியில் பூட்டி, அதே கேமை அதே செட்டிங்கில் ஓட்டுங்கள். அங்கேயும் திணறினால்தான் வாங்கிய கடைக்கு அனுப்ப வேண்டும். அதுவரை பெட்டியையும் பில்லையும் எறிந்துவிடாதீர்கள்.