பக்கத்துக் கல்லறையையும் படியுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

நவம்பர் 2ஆம் தேதி, கல்லறைத் திருநாளன்று எந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாலும், புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, செவ்வந்திப் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்து செபிக்கும் குடும்பங்களைக் காணலாம். அவர்களில் மூத்தவரிடம், "உங்கள் தாத்தாவைப் பெற்றவர் எங்கே அடக்கமாகியிருக்கிறார்?" என்று கேட்டுப் பாருங்கள். "அந்தப் பழைய பக்கத்தில் எங்கேயோ" என்று பொதுவாகக் கையை நீட்டுவார். அந்த "எங்கேயோ" என்பதை ஓர் இடமாக ஆக்குவது எப்படி என்பதையே இன்று பேச விரும்புகிறேன். திருநெல்வேலிச் சீமையின் பழைய கல்லறைத் தோட்டங்களில் நெடுங்காலமாகத் தேடி வருகிறவன் என்பதால், என் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அந்தப் பகுதியைச் சேர்ந்தவையாகவே இருக்கும்.

முன்னோரின் கல்லறையைத் தேடி வருகிறவர்கள் தோட்டத்துக்குள் நுழைந்தவுடன் பெயரைத்தான் தேடுகிறார்கள். கல் கல்லாகப் பெயர் பார்த்து, இரண்டு மணி நேரம் வெயிலில் நடந்து, கிடைக்கவில்லை என்று திரும்பிவிடுகிறார்கள். ஆனால், நூறு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இறந்த நம் முன்னோரில் மிகப் பலருக்குக் கல்லே வைக்கப்படவில்லை. மண்ணைக் குவித்து, ஒரு மரச்சிலுவையை நட்டார்கள். சிலுவையைக் கறையான் தின்றது, மேட்டை மழை கரைத்தது. இல்லாத கல்லில் பெயரைத் தேடிப் பயனில்லை. அப்படியானால் எதைத் தேடுவது? அக்கம்பக்கத்தைத் தேட வேண்டும். குடும்பக் கல்லறை கட்டிக்கொள்ளும் வசதி சிலருக்கே இருந்தது. மற்றவர்களைப் பல தோட்டங்களில் இறந்த வரிசைப்படியே, ஒருவருக்குப் பக்கத்தில் ஒருவராக அடக்கம் செய்தார்கள். ஆகவே, உங்கள் முன்னோருக்கு முன்னால் அடக்கமானவர் யார், பின்னால் அடக்கமானவர் யார் என்று தெரிந்து, அந்த இருவரில் ஒருவருக்காவது கல் இருந்துவிட்டால், நீங்கள் பாதி தூரம் வந்துவிட்டீர்கள்.

அந்த முன்னும் பின்னும் எங்கே கிடைக்கும் என்றால், அடக்கப் பதிவேட்டில் கிடைக்கும். நம் திருச்சபைகள் பதிவேடு எழுதுவதில் பழைமையானவை. 1780இல் பாளையங்கோட்டையில் மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயர் காலத்தில் எழுதப்பட்ட சபைப் பட்டியலில் 40 பேருடைய பெயர்கள் இருந்தன. அந்தச் சபைக்கு அதன் தொடக்ககால உறுப்பினரான குளோரிந்தா அம்மையார் கட்டிய கோயில் 1785இல் திறக்கப்பட்டது. பிற்காலத்து அடக்கப் பதிவேடுகளில் இறந்த நாள், அடக்கம் செய்த நாள், பெயர், வயது, தொழில், சில இடங்களில் இறப்புக்கான காரணம், கடைசியில் அடக்கம் செய்த குருவானவரின் கையெழுத்து என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி இருக்கும். குருசேகரத்துக்கு, அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகளின் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி, அனுமதி பெற்று, அந்தப் பக்கத்தை முழுவதுமாகப் படியுங்கள். உங்கள் வரியை மட்டும் குறித்துக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். மேலே பத்து வரி, கீழே பத்து வரி எழுதிக்கொள்ளுங்கள். மறுபடியும் சொல்கிறேன், மேலே பத்து, கீழே பத்து. பேரனுக்குத் தாத்தாவின் பெயரை இடுவது நம் வழக்கம் என்பதால் ஒரே பெயர் தலைமுறை விட்டுத் தலைமுறை வரும். பெண்களோ பல இடங்களில் "இன்னாருடைய மனைவி" என்று மட்டுமே எழுதப்பட்டிருப்பார்கள். பெயர் குழப்புகிற இடத்திலும் வரிசை வழிகாட்டும்.

என் பூட்டியின் கல்லறையை நான் அப்படித்தான் கண்டேன். அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். தாது வருஷப் பஞ்சத்தின்போது பூட்டி காலராவில் இறந்ததாக வீட்டில் சொல்லுவார்கள். அதற்குமேல் யாருக்கும் தெரியாது. தாது வருஷம் என்பது 1876 சித்திரையில் தொடங்கியது. பஞ்சமோ 1878 வரை நீடித்தது. பெயர் தாதுவுடையது என்றாலும் சாவு அடுத்த ஈசுவர வருஷத்திலும் தொடர்ந்தது. ஆகவே பதிவேட்டில் 1877ஆம் ஆண்டையும் சேர்த்துப் பார்த்தேன். செப்டம்பர் மாதத்தில் ஒரே பக்கத்தில் காலரா, காலரா, காலரா என்று எழுதிக்கொண்டே போயிருந்தது. எழுதியவரின் கை களைத்துப்போனது அந்த எழுத்தில் தெரிந்தது. அங்கே என் பூட்டனின் பெயரும், "மனைவி, வயது 31" என்ற சொற்களும் இருந்தன. அதற்கு நேர் மேல் வரியில் ஓர் உபதேசியாரின், அதாவது ஊர்ச் சபையில் வேதம் போதிக்கும் ஊழியரின் மகன், வயது நான்கு.

தோட்டத்தின் பழைய பகுதியில் குழந்தைக்குரிய அளவில் சிறிய கல் ஒன்று சாய்ந்து கிடந்தது. அதன் அடிப்பகுதியில் "க அ எ எ" என்று நான்கு எழுத்துகள் இருந்தன. யாருடைய பெயரின் முதலெழுத்துகளோ என்று அங்கிருந்த இளைஞர்கள் நினைத்திருந்தார்கள். நேயர்களே, தமிழ் எண்களில் ஒன்று 'க' போலவும், எட்டு 'அ' போலவும், ஏழு 'எ' போலவும் இருக்கும். அது 1877. மேலே "ஈசுவர வருஷம் ஆவணி மாதம்" என்றும் இருந்தது. அந்தக் கல்லுக்குத் தெற்கே ஓர் ஆள் நீளத்துக்கு வெற்றிடம். அங்கே குழி வெட்டக் கூடாது, கீழே ஆள் இருக்கிறது என்று தம் தகப்பனார் சொல்லியிருந்ததாகக் கோயில் பணிவிடைக்காரரான கோயில்பிள்ளை சொன்னார். யார் என்று அவருக்குத் தெரியாது, பதிவேட்டுக்குத் தெரிந்திருந்தது. தன் பிள்ளைக்குக் கல் வைத்த அந்த உபதேசியாருக்கு எங்கள் குடும்பம் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறது.

ஆண்டைப் பற்றி இன்னும் சில செய்திகள். அறுபது ஆண்டுப் பெயர் சுழன்று வருவதால், வெறும் "தாது வருஷம்" என்று மட்டும் இருக்கும் கல் 1876ஆகவும் இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம். நெல்லையிலும் நாஞ்சில் நாட்டிலும் கேரளத்தில் வழங்கும் கொல்லம் ஆண்டும் வரும். ஆங்கில ஆண்டை அறிய, அதனோடு ஆவணியிலிருந்து டிசம்பர் வரை 824ஐயும், ஜனவரியிலிருந்து ஆடி வரை 825ஐயும் கூட்டிக்கொள்ளுங்கள். பழைய ஆண்டு வெட்டிய கல்லில் 'லை', 'னை' ஆகிய எழுத்துகள் யானைத் துதிக்கை போன்ற பழைய கொம்போடு இல்லாமல் இன்றைய வடிவில் இருந்தால், அது 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் புதுப்பித்த கல்லாக இருக்கக்கூடும். புதுப்பித்தபோது இடமும் மாறியதா என்று விசாரியுங்கள்.

கல்லைப் படிக்கக் காலை ஏழு மணியும் மாலை ஐந்து மணியும் ஏற்றவை. சாய்ந்த வெயிலில் நடுப்பகலில் தெரியாத வெட்டு நிழலாக எழுந்து நிற்கும். மேகமாக இருந்தால், கைபேசி விளக்கைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். ஆண்டுதோறும் அன்போடு அடித்த சுண்ணாம்பு எழுத்துகளுக்குள் அடைந்திருக்கும். தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, மூங்கில் சிம்பால் மெதுவாக எடுங்கள். அமிலமும் கம்பித் தூரிகையும் வேண்டவே வேண்டாம். எழுத்தோடு கல்லின் தோலும் போய்விடும்.

கல்லை நீங்களே படிக்க வேண்டும், பிறர் சொன்னதை நம்பி எழுதக் கூடாது என்பதற்கு ஜி. யு. போப் அவர்களின் கல்லறையே சான்று. தம் கல்லறையில் "தமிழ் மாணவன்" என்று எழுதச் சொன்னார் என்று பள்ளியிலிருந்தே கேட்டு வருகிறோம். 1908இல் மறைந்த அவர் ஆக்ஸ்போர்டில் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அந்தக் கல்லில் அப்படி ஒரு சொல் இல்லை. அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள தமிழ் நண்பர்களும் அன்போடு வைத்த கல் என்றே ஆங்கிலத்தில் இருக்கிறது. கடல் கடந்து நம்மவர்கள் ஒரு கல்லறைக்குப் பங்களித்தார்கள் என்ற உண்மை, கதையைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இறந்த ஊரும் அடக்கமான ஊரும் ஒன்றாகவே இருக்கும் என்றும் எண்ணாதீர்கள். 1891இல் கால்டுவெல் ஐயர் கொடைக்கானலில் காலமானார். அவருடைய கல்லறையோ இடையன்குடிக் கோயிலுக்குள் இருக்கிறது.

நிலையத்தார் நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போய் அங்கேயே இறந்தவர்களைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அங்கே ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஆங்கிலப் பெயர் ஒன்று, தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயர் ஒன்று. வீட்டு நினைவில் இருப்பது தமிழ்ப் பெயர். பதிவேட்டில் இருப்பது ஆங்கிலப் பெயர். உங்கள் வீட்டுப் பாட்டியிடம் தோட்டத்தின் தமிழ்ப் பெயரையும், கூட்டிச் சென்ற கங்காணியின் பெயரையும், பக்கத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் இருந்தவர்கள் யார் என்பதையும் இந்த வாரமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வணக்கம்.