கொள்ளேகால் கைமாறிய கதை

(பெங்களூரு அல்சூரில் ஒரு தமிழ்க் கூட்டத்தில் பேசியது)

என் தாத்தாவின் நிலப் பத்திரத்தைக் கொண்டுவந்திருக்கிறேன். ஓரமெல்லாம் பொடிந்துவிட்டது, கையில் தரமாட்டேன், வாசிக்கிறேன். "கோயமுத்தூர் ஜில்லா, கொள்ளேகால் தாலுகா."

சிலர் சிரிக்கிறீர்கள். கொள்ளேகால் சாமராஜநகர் மாவட்டமாச்சே என்றுதானே? சரிதான், இப்போது அப்படி.

1799இல் திப்பு விழுந்ததும் கோயமுத்தூர்ச் சீமை கும்பெனி கைக்குப் போனது. கொள்ளேகாலும் கூடவே போய், நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் சென்னை மாகாணத்தோடு இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி மைசூர் மாநிலத்துக்கு வந்தது. அதே நாளில்தான் மலபார் கேரளாவுக்குப் போனது, கன்னியாகுமரியும் செங்கோட்டையும் சென்னைக்கு வந்தன. 1973இல் மைசூர் கர்நாடகமானது. 1997இல் மைசூர் மாவட்டத்தைப் பிரித்துச் சாமராஜநகர் வந்தது. இத்தனைக்கும் தாத்தா வீட்டுத் திண்ணையைக்கூட மாற்றிக் கட்டவில்லை.

மாநிலம் மாறியது அவருக்குப் பெரிய விஷயமில்லை. நிலக் கணக்கான அடங்கலைக் கேட்டால் பஹணி என்றார்கள், தாலுகாவுக்குள் இருக்கும் பிர்கா ஹோப்ளி ஆகிவிட்டது. அந்தச் சொற்களோடுதான் கடைசிவரை மல்லுக்கட்டினார்.

மொழிவாரி மாநிலம் என்றால் ஊர் ஊராக மொழி பார்த்துக் கோடு போட்டார்கள் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. மாநில எல்லைகளை மாற்றியமைக்க 1955இல் அறிக்கை தந்த பஸல் அலி ஆணையம் பொதுவாக ஜில்லாவையே அலகாக வைத்துக்கொண்டது. சில இடங்களில்தான் தாலுகா வரை இறங்கினார்கள். கொள்ளேகால் அப்படிக் கைமாறியதுதான். தாலுகாவை உடைக்கவில்லை, செங்கல்லைப் பெயர்த்து அடுத்த சுவரில் வைத்த மாதிரி முழுசாக வைத்தார்கள். என்னைக் கேட்டால், வரைபடத்தில் நாம் சண்டை போடும் பெரிய கோடுகள் நேற்று வந்தவை, உள்ளே இருக்கும் சின்னக் கட்டங்களுக்குத்தான் வயசு அதிகம்.

தூரம் போக வேண்டாம். இதே பெங்களூரில் டொம்லூர் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. இந்த வட்டாரக் கல்வெட்டுகளில் இலைப்பாக்க நாடு என்று ஒரு பெயர் வரும். வாய்விட்டு நாலு தரம் சொல்லிப் பாருங்கள். எலஹங்கா, நம் பெங்களூருக்கு வடக்கே இருக்கிறதே, அதேதான்! சோழர் இந்த மைசூர்ப் பக்கத்துக் கங்கபாடியைப் பிடித்து மண்டலம், வளநாடு என்று அடுக்கடுக்காகப் பெயர் வைத்தார்கள். முடிகொண்ட சோழ மண்டலம் இன்று எந்த அரசு அலுவலகப் பலகையில் இருக்கிறது? எலஹங்காவுக்கு மட்டும் இன்றைக்கும் தாசில்தார் இருக்கிறார். அப்புறம் பெங்களூரை உருவாக்கிய கெம்பே கௌடரின் வம்சமும் எலஹங்கா நாட்டுப் பிரபுக்கள்தான்.

நேரம் ஆகிவிட்டது என்று மணி அடிக்கிறார்கள். பத்திரத்தைப் பார்க்க வேண்டியவர்கள் மேடைக்கு வாருங்கள். ஓரத்தை மட்டும் தொடாதீர்கள்.