கவர்ல எழுதுற பேருக்கு நாமதான் பொறுப்பு

எல்லாருக்கும் வணக்கம்ங்க. மாடித்தோட்டம் வச்சிருக்கறவங்க இத்தனை பேர ஒரே எடத்துல பாக்கறது ரொம்ப சந்தோஷமா இருக்கு. நான் இன்னிக்கு தக்காளி விதை பத்தி மட்டும்தான் பேசப்போறேன். நாட்டு விதை அழியுதுன்னா எல்லா மேடையிலயும் கம்பெனிகள சொல்றோம், அதுல நியாயம் இருக்கு, ஆனா நம்ம கைக்கு பத்திரமா வந்து சேர்ந்த ரகம் நம்ம மாடியிலயே கலந்து போகுதே, அத யாரும் பேசறதில்ல.

தக்காளி தன்னாலயே மகரந்தம் சேர்ந்து காய்க்கற செடி, அதனால கலக்காதுன்னு சொல்லுவாங்க. பெரும்பாலும் சரிதான். வீட்டுக்கு போய் ஒரு பூவ பிரிச்சு பாருங்க, நடுவுல மஞ்சக் கூம்பு மாதிரி இருக்கும், மகரந்தப் பைங்க எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி குழாயா நிக்கும், மகரந்தம் வந்து ஒட்டற பெண் பாகமான சூல்முடி அதுக்குள்ள மறைஞ்சிருக்கும். ஆனா குண்டு குண்டா காய்க்கற பெரிய ரகங்கள்ல முதல்ல வர்ற பூ ரெண்டு மூணு பூ ஒட்டின மாதிரி அகலமா இருக்கும், அதுல சூல்முடி வெளிய தெரியும். வெயில் 35 டிகிரிக்கு மேல போனாலும் சில ரகத்துல சூல்முடி நீண்டு வெளிய வந்துடும், நம்ம ஊர் சித்திரை வெயில் பத்தி நான் சொல்லவே வேணாம். அந்த நேரத்துல நீலப்பட்டைத் தேனீயோ கருவண்டோ வந்து பூவ பிடிச்சு ரீங்காரம் போட்டு உலுக்கும், பக்கத்து செடியோட மகரந்தம் அதோட உடம்புல இருக்கும், முடிஞ்சுது கதை. விதைச் சான்றளிப்புல தக்காளிக்கு ஆதார விதைன்னா, அதாவது சான்று விதை உண்டாக்கறதுக்கான மூல விதைன்னா, 50 மீட்டர், விவசாயிக்கு போற சான்று விதைன்னா 25 மீட்டர் இடைவெளி கேக்கறாங்க. நம்ம க்ரோ பேக்குக்கு நடுவுல எவ்வளவு இருக்கு? ரெண்டடி!

இதுல பெரிய சிக்கல் என்னன்னா, கலந்தது அந்த வருஷம் தெரியாது. பழம் தாய்ச்செடி மாதிரியேதான் இருக்கும், கலப்பு உள்ள இருக்கற விதையில. நாம சந்தோஷமா பத்து பேருக்கு குடுத்துடுவோம். பிராண்டிவைன் மாதிரி உருளைக்கிழங்கு இலை இருக்கற ரகம் வளர்க்கறவங்களுக்கு இதுல ஒரு வசதி இருக்கு, அந்த இலை ஒடுங்குபண்பு, அதாவது சாதா இலை ரகத்தோட கலந்தா அடுத்த தலைமுறையில வெளிய தெரியாம மறைஞ்சிடும், அதனால நாத்துல ஓரம் வெட்டுப்படாத அகல இலைக்கு நடுவுல ஒண்ணு மட்டும் சாதா தக்காளி இலையோட வந்தா, ஒண்ணு கலப்பு, இல்ல வேற விதை விழுந்திருக்கு, நாத்துலயே பிடுங்கிடலாம். மத்த ரகத்துக்கு காய் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். பெரியகுளத்துல அன்னஞ்சிங்கற உள்ளூர் ரகத்துல இருந்து உருவாக்கின பிகேஎம் 1 பழம் தட்டையான உருண்டையா, காம்புகிட்ட பச்சைத் தோளோட வரும், உங்க செடியில நீள்வட்டமா பச்சையே இல்லாம காய்ச்சா அது பிகேஎம் 1 இல்ல.

கடையில வாங்கின எஃப்1 ஹைபிரிட், அதாவது ரெண்டு ரகத்த கலந்து எடுத்த முதல் தலைமுறை, அந்தப் பழத்துல விதை எடுத்து நாட்டு விதைன்னு குடுக்கறது இன்னும் மோசம், தயவுசெஞ்சு செய்யாதீங்க. அடுத்த தலைமுறையில குணம் பிரிஞ்சு ஆளுக்கொரு காய் காய்க்கும், ஒவ்வொரு தலைமுறைக்கும் அந்தக் கலப்பு பாதி பாதியாத்தான் குறையும், நல்ல செடியா பொறுக்கி பொறுக்கி ஆறேழு தலைமுறை எடுத்தாத்தான் ஒரு ரகம்னு நிக்கும்.

அமெரிக்காவுல கிரெய்க் லெஹூல்லியர்னு ஒரு வீட்டுத்தோட்டக்காரர். 1990-ல டென்னசியில இருந்து ஒருத்தர் பேரில்லாத ஊதா தக்காளி விதை அனுப்பினாரு, அங்கத்த பூர்வகுடிகளான செரோக்கி மக்கள்கிட்ட இருந்து வந்ததுன்னு சொல்லி. இவரு வளர்த்து செரோக்கி பர்ப்பிள்னு பேரு வச்சு எல்லாருக்கும் குடுத்தாரு, இன்னிக்கு நம்ம ஊர் மாடியில கூட காய்க்குது. 1995-ல அவரு தோட்டத்துலயே ஒரு செடி மட்டும் பழுப்பு நிறத்துல காய்ச்சுது, தோல் நிறம் மாறிடுச்சு. அதையும் பர்ப்பிள்னே குடுத்திருக்கலாம். குடுக்கல, தனியா வச்சு செரோக்கி சாக்லேட்னு வேற பேரு குடுத்தாரு. எனக்கு அந்த மனுஷன்கிட்ட ரொம்ப பிடிச்சது இதுதாங்க.

நாம செய்யவேண்டியது கஷ்டமே இல்ல. மொட்டு விரியறதுக்கு முன்னாடி அந்தக் கொத்துக்கு, கல்யாணத்துல தாம்பூலம் போட்டு குடுப்பாங்களே அந்த நெட் பைய கட்டுங்க, காலையில கொத்த லேசா தட்டி விடுங்க, பிஞ்சு பிடிச்சதும் பைய எடுத்துட்டு காம்புல ஒரு நூல் கட்டிடுங்க. நூல் கட்டின பழம் மட்டும்தான் விதைக்கு. பழத்த பாத்து எடுக்காதீங்க, செடிய பாத்து எடுங்க, இலை சுருண்ட செடியில ஒரு பழம் மட்டும் பெருசா இருந்தா அது விதைக்கு ஆகாது. முடிஞ்சா ரெண்டு மூணு செடியில இருந்து சேர்த்து எடுங்க. விதை அந்தக் கொழகொழப்போட ரெண்டு மூணு நாள் ஊறி புளிச்சதும் அலசி நிழல்ல காய வைங்க. ஈரம் படாம வச்சா நாலஞ்சு வருஷம் முளைக்கும், அதனால எல்லா ரகத்துக்கும் வருஷாவருஷம் விதை எடுக்கணும்னு இல்ல, ஒரு பட்டத்துக்கு ஒரு ரகமோ ரெண்டு ரகமோ போதும்.

கவர்ல ரகப் பேரு, வருஷம், யாருகிட்ட இருந்து வந்தது, பை கட்டினதா இல்லையா, இதெல்லாம் எழுதுங்க. கட்டலன்னா கட்டலன்னே எழுதுங்க, வாங்கறவங்க பாத்து முடிவு பண்ணிக்குவாங்க. வெளிய மேசையில நான் கொண்டுவந்த கவர் இருக்கு, அதுலயும் இதெல்லாம் எழுதியிருக்கேன். ஆடியில போடுங்க, பேருக்கு பொருந்தாத காய் ஏதாவது வந்துச்சுன்னா உடனே சொல்லுங்க, அந்த ரகம் வாங்கிட்டுப் போன மத்தவங்களுக்கும் நான் தகவல் சொல்லிடறேன்.