சட்டை மட்டும் சரியாம்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். எதிரணிக்கு வணக்கம் கடைசியில். அதுவரை இருந்தால் பார்க்கலாம்.

ஃபேஸ்புக் பிறந்த கதையைச் சொல்லும் ‘தி சோஷியல் நெட்வொர்க்’, 2010இல் வந்த படம். அது காட்டுவது மூளையின் வெற்றியையா, நட்பின் தோல்வியையா? நான் தோல்வியின் பக்கம்.

எதிரணித் தலைவர் கேலி செய்தார்: "அது வெறும் கற்பனை. அதை நம்பி அழ வந்துவிட்டார்கள், கைக்குட்டை கொண்டு வந்தீர்களா?" கொண்டு வந்திருக்கிறேன் ஐயா, உங்களுக்காக!

படம் வெளியானபின் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு கூட்டம். ஃபேஸ்புக்கைத் தொடங்கிய மார்க் சக்கர்பெர்க்கிடம் படத்தைப் பற்றிக் கேட்டார்கள். ஃபேஸ்புக்கை ஏன் தொடங்கினார் என்று படம் சொன்ன காரணமெல்லாம் தவறு என்றார். ஆனால் படத்தில் வரும் சட்டைகள், ஒவ்வொன்றும், தம்மிடம் இருப்பவைதாம் என்றார்!

யோசித்துப் பாருங்கள். திருட்டு வழக்கு. சாட்சி எல்லாம் சொல்லி முடிக்கிறார். நீதிபதி கேட்கிறார், "என்னப்பா சொல்கிறாய்?" "ஐயா, அவர் சொன்னதெல்லாம் பொய். ஆனால் அன்று நான் போட்டிருந்தது நீலச் சட்டைதான்." பின்வரிசையில் சிரிப்பு வரவில்லை, மறுபடி சொல்கிறேன்: பொய், பொய், எல்லாம் பொய்... நீலச் சட்டை மட்டும் மெய்!

முதல் காட்சியில் வரும் காதலி கற்பனை என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். வழக்குமா கற்பனை? தங்கள் யோசனையை மார்க் எடுத்துக்கொண்டார் என்று வழக்குப் போட்ட விங்கிள்வாஸ் இரட்டையரோடு 2008இல் 6.5 கோடி டாலர் மதிப்பில் சமரசம். சமரசம் குற்ற ஒப்புதல் ஆகாது என்று எதிரணியில் யாரோ முணுமுணுக்கிறார்கள். ஆகாதுதான். ஆனால் நீலச் சட்டைக்கு யாரும் 6.5 கோடி டாலர் கொடுப்பதில்லை!

எட்வர்டோ சாவரினுக்கு வருகிறேன். தொடக்கத்தில் பணம் போட்ட நண்பர். படத்தில் வக்கீல் அவரிடம் ஒவ்வொருவராகக் கேட்கிறார். நிறுவனத்தில் மார்க்கின் பங்கு எவ்வளவாகக் குறைந்தது? குறையவில்லை. பின்னால் வந்து சேர்ந்த ஷான் பார்க்கருக்கு? குறையவில்லை. முதலீட்டாளர் பீட்டர் தீலுக்கு? குறையவில்லை. உங்கள் பங்கு? 0.03 சதவீதமாகக் குறைந்தது. நிஜத்திலும் வழக்குப் போட்டார். சமரசத்துக்குப் பிறகு நிறுவனர்களின் வரிசையில் அவர் பெயர் திரும்பவும் ஏறியது. பெயர் திரும்பியது. நட்பு?

படத்தின் கடைசிக் காட்சி. எல்லோரும் போய்விட்டார்கள். காலி அறை, ஒரு கணினி. அந்தக் கற்பனைக் காதலிக்கு நட்பு அழைப்பு அனுப்பிவிட்டுப் பக்கத்தைப் புதுப்பிக்கிறார். மறுபடி. மறுபடி.

நடுவரே, எனக்கும் ஒரு நண்பன் இருந்தான். கொடுக்கல் வாங்கலில் முறிந்தது. தொகையைச் சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். பதினாறு ஆண்டு ஆகிறது. ஒவ்வோர் ஆண்டும் அவன் பிறந்தநாளை ஃபேஸ்புக்தான் எனக்கு நினைவூட்டுகிறது. வாழ்த்து எழுதுவேன், அழித்துவிடுவேன். எதிரணித் தலைவரே, அந்தக் கைக்குட்டையைக் கொஞ்சம் திருப்பிக் கொடுங்கள். இந்த ஆண்டு எழுதியதை இன்னும் அழிக்கவில்லை. அனுப்பவும் இல்லை.